இருபத்தாறு கிளைக் கொம்பு

ஜனவரி ஒன்பதாம் தேதி காலை எட்டு மணிக்கு ஸ்டாங்கோ பெரிச்சின் கடையில் துப்பாக்கி விலை நாற்பது டாலர் ஏறியது. எட்டேகாலுக்கு, பதினொரு மைல் தள்ளி, அர்விட் கெஸ்கிதலோவின் முட்டைக்கோஸ் பாத்தியில் நின்ற கலைமானின் கொம்பில் புதிதாக ஒரு கிளை முளைத்தது. அதுவரை எட்டுக் கிளை. இப்போது ஒன்பது. அர்விட்டின் மனைவி லெம்பி பாத்திரம் கழுவிக்கொண்டே சன்னல் வழியாக அதைப் பார்த்தார். ஜனவரியில் மான்கள் கொம்பை உதிர்க்கும், வளர்க்காது. லெம்பி அடுத்த தட்டை எடுத்தார்.

அர்விட்டிடம் அப்போது துப்பாக்கி இல்லை. நவம்பர் முப்பதாம் தேதி, வேட்டைக்காலத்தின் கடைசி மாலையில், ஈரப்பனியில் நனைந்த துப்பாக்கியைச் சௌனாவின் ஆணியில் மாட்டினார். எங்கள் பக்கம் நனைந்தது எதையும் அந்த நீராவிக் குளியல் கொட்டகையில்தான் காயவைப்போம்: காலுறை, மீன்வலை, ஒருமுறை பாதிரியாரின் பைபிள். அடுப்பில் இன்னொரு கட்டையைப் போட்டுவிட்டுக் காபி குடிக்க வீட்டுக்குள் போனார். இரண்டாவது கோப்பை முடிவதற்குள் கொட்டகை எரிந்து தரைமட்டமானது. சாம்பலில் துப்பாக்கிக் குழல் பூசணிக் காம்பு போல் வளைந்து கிடந்தது. மறுநாள் காலை அந்தக் கலைமான் வந்து பாத்தியில் நின்றது. புதுத் துப்பாக்கி நானூற்றெண்பது டாலர். பணம் கையில் இருந்தது. ஆனால் அர்விட் முதலில் சௌனாவைக் கட்டினார். யாரும் அதைக் குறை சொல்லவில்லை. துப்பாக்கி இல்லாமல் பதினொரு மாதம் இருக்கலாம், குளிக்காமல் எப்படி இருப்பது. கட்டி முடித்து, முதல் சூடு ஏற்றி, குளித்து, தலை காய்ந்தபின் கடைக்குப் போனார். அன்று தேதி ஒன்பது.

"ஐந்நூத்திருபதா? நேத்து வரைக்கும் நானூத்தெண்பதுதானே போட்டிருந்த?"

"நேத்து நேத்தோட போச்சு, அர்விட்," என்றார் ஸ்டாங்கோ. "வாஷிங்டன்ல புதுச் சட்டம் வருதாம். இனிமே துப்பாக்கியே கெடைக்காதாம்."

"யார் சொன்னா?"

"காலையில ரெண்டு வாங்கிட்டுப் போனவன் சொன்னான்."

இறங்கட்டும், வருகிறேன் என்று அர்விட் வீட்டுக்குத் திரும்பினார். நாற்பது வருடம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளிய மனிதர். எவ்வளவு பெய்தாலும் ஒருநாள் உருகும் என்பது அவருக்குத் தெரியும். பிப்ரவரியில் விலை அறுநூறு, கிளை பதினொன்று. ஜூனில் எண்ணூறு, பதினாறு. துப்பாக்கி பிடிக்கத் தெரியாதவர்கள் மூன்று வாங்கினார்கள். பல் மருத்துவர் ஐந்து வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்தார். தோட்டாக்கள் தீர்ந்துபோன அலமாரியில் ஸ்டாங்கோ தூண்டில் புழுக்களை வைத்தார், அவையும் விற்றுப்போயின. கொம்பு விலையைப் பார்த்து வளர்கிறதா, விலை கொம்பைப் பார்த்து ஏறுகிறதா என்று எங்கள் பக்கம் இன்றும் ஒரு முடிவுக்கு வரவில்லை. தினமும் கடை திறக்குமுன் ஸ்டாங்கோ லெம்பியைத் தொலைபேசியில் அழைத்து எத்தனை கிளை என்று கேட்டுக்கொண்டார். ஒருநாள் லெம்பி ஒரு துணிக்கிளிப்பையும் கிளை என்று எண்ணிவிட்டார். ஸ்டாங்கோ விலைச்சீட்டை மாற்றி எழுதினார். மாலைக்குள் கிளிப் இருந்த இடத்தில் கிளை வந்திருந்தது.

துணிக்கிளிப் அங்கே எப்படி வந்தது என்றால், மார்ச் மாதப் பனியில் துணி காயப்போடும் கொடியின் கம்பம் சாய்ந்துவிட்டது. துப்பாக்கி வாங்கிய பிறகுதான் மற்றச் செலவு என்று அர்விட் சொல்லியிருந்தார். லெம்பி ஈரத்துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் மானின் கொம்பில் உதறிப் போட்டார். மான் அசையவில்லை. வெயில் நகர நகரத் தானும் திரும்பிக் கொடுத்தது. மழை வரும்போல் இருந்தால் தாழ்வாரத்துக்குக் கீழே வந்து நின்றது. பன்னிரண்டு கிளையில் துண்டும் காலுறையும் காய்ந்தன. பதினாறில் சட்டைகள். ஆகஸ்டில் இருபது ஆனபோது இரண்டு படுக்கை விரிப்புகளை மடிக்காமல் போட முடிந்தது. வனக்காவலர் ஒருமுறை வந்து தீனி போடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை, அதுவே கோஸைத் தின்றுகொள்கிறது என்றார் லெம்பி. காவலர் அதைக் குறித்துக்கொண்டு, ஏலக்காய் ரொட்டி இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

செப்டம்பரில் லெம்பியின் தம்பி ரெய்னோ வந்தான், கையில் அளவு நாடாவோடு. அர்விட்டும் ரெய்னோவும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து காட்டில் ஒரு வேட்டைக் குடிசை வைத்திருந்தார்கள். அதன் கதவில் ஒரு விதி எழுதியிருக்கும்: நவம்பர் பதினைந்து நண்பகலுக்குள் சொந்தத் துப்பாக்கியோடு வராதவன் படுக்கையை இழப்பான். இரவல் துப்பாக்கி, இரவல் பல்செட் செல்லாது. அடுப்பை ஒட்டிய கீழ்ப்படுக்கை முப்பத்தொரு வருடமாக அர்விட்டுடையது. ரெய்னோவுடையது கதவை ஒட்டியது. காலையில் அவன் மீசையில் பனிக்கட்டி இருக்கும்.

"மச்சான், கொஞ்சம் நேரா நில்லு," என்று ரெய்னோ அர்விட்டின் உச்சியிலிருந்து கால்வரை நாடாவைப் பிடித்தான். "உன் படுக்கை எனக்குப் பத்துமான்னு பாக்கணும்."

"நான் இன்னும் சாகலடா."

"செத்தா துக்கத்துக்கு வருவேன். இது துப்பாக்கி இல்லாம இருக்கறது. அதுக்குச் சிரிக்கத்தான் வருது."

"விலை இறங்கும்."

"இறங்கும் மச்சான். நீ கதவுகிட்ட படுத்துக்கிட்டு அதைக் காத்தோட காத்தா கேப்ப."

அக்டோபர் கடைசியில் விலை ஆயிரத்து இருநூறு. கிளை இருபத்தாறு. மூன்று மாவட்டத்தில் யாரும் அப்படியொரு கொம்பைச் சுட்டதில்லை. அர்விட் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு வாரம் யோசித்தார். இப்போது வாங்கினால் அநியாய விலை, ஆனால் படுக்கை நிற்கும், சுவரில் இருபத்தாறு கிளைக் கொம்பு தொங்கும். காத்திருந்தால் துப்பாக்கி மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதற்குள் படுக்கை போய்விடும், கொம்பும் குச்சியாகிவிடும். ஸ்டாங்கோ இதைத் தன் வாயாலேயே சொன்னார். "மானையும் சேத்துத்தான் விக்கறேன், அர்விட். அந்தக் கணக்குல பாத்தா மலிவு."

நவம்பர் பதினான்காம் தேதி பிற்பகல் அர்விட் வாங்கினார். ஒவ்வொரு நூறு டாலர் நோட்டையும் மேசையில் வைத்துவிட்டுச் சற்றுநேரம் அதன் மேல் கையை வைத்திருந்தார். பன்னிரண்டாவது நோட்டை ஸ்டாங்கோ உருவவேண்டியிருந்தது. வீடு வந்தபோது லெம்பி சலவை முடித்திருந்தார்.

மறுநாள் காலை, வேட்டைக்காலம் தொடங்கும் நிமிடத்தில், அர்விட் சமையலறைச் சன்னலைத் திறந்து துப்பாக்கியை நீட்டினார். மான் பாத்தியில் நின்றது, நாற்பதடி தூரம். தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். தெரிந்தது அவருடைய கம்பளி உள்கால்சட்டை. குழலை இடப்பக்கம் நகர்த்தினார். இன்னொரு உள்கால்சட்டை, விறைத்துப்போய் உட்கார்ந்த நிலையில். வலப்பக்கம் நான்கு படுக்கை விரிப்புகள், தரைவரை.

"லெம்பி, துணிய எடு."

"இன்னும் காயல."

"லெம்பி."

"சுடணும்னா சுடு. ஓட்டைய யாரு தைப்பா? குடிசையில எதப் போட்டுக்கிட்டுப் படுப்ப?"

அர்விட் சன்னலைச் சாத்தினார். பதினொன்றரைக்குக் குடிசையை அடைந்து துப்பாக்கியைக் காட்டினார். ரெய்னோ தன் தலையணையை அடுப்போரத்திலிருந்து எடுத்துக்கொண்டு கதவோரம் போனான். அன்று காலையே ஸ்டாங்கோவின் கடையில் விலை நாற்பது டாலர் இறங்கியிருந்தது. சட்டம் வரவில்லை. வாங்கவேண்டியவர்கள் எல்லாரும் வாங்கிவிட்டார்கள், அர்விட் உட்பட. அவருக்குப் பிறகு யாரும் வாங்கவில்லை. அதன்பின் விலை தினமும் இறங்கியது. சில நாள் இரண்டு முறை. கிளைகள் ஒவ்வொன்றாகப் பாத்தியில் விழுந்தன, மாட்டியிருந்த துணியோடு. லெம்பி அவற்றைப் பொறுக்கி வாளியில் போட்டு, துணியை மறுபடி அலசினார்.

நவம்பர் முப்பதாம் தேதி மாலை அர்விட் குடிசையிலிருந்து வந்தார். மான் எதுவும் கிடைக்கவில்லை, ஆனால் பதினைந்து இரவும் முதுகு சூடாக இருந்தது. துப்பாக்கி நனைந்திருந்தது. சௌனாவில் நெருப்பு மூட்டி, அதை ஆணியில் மாட்டிவிட்டு வந்து காபிக்கு உட்கார்ந்தார். ஐந்நூற்றறுபதாம், ஸ்டாங்கோ சொன்னார் என்றார் லெம்பி. அர்விட் கோப்பைக்குள் பார்த்தார். வெளியே மான் பத்துக் கிளையோடு நின்றது. ஒரே ஒரு விரிப்பு, நான்காக மடித்துப் போட்டும் ஓரம் பனியில் புரண்டது. மான் கழுத்தை எவ்வளவோ உயர்த்திப் பார்த்தது. லெம்பி விரல்விட்டு மாதங்களை எண்ணினார். அர்விட்டிடம் துப்பாக்கி இல்லாத காலமெல்லாம் விலை ஏறியது. வாங்கிய மறுநாளிலிருந்து இறங்குகிறது. லெம்பி அவருடைய கோப்பையை மறுபடி நிரப்பினார், விளிம்புவரை. ஏலக்காய் ரொட்டியைத் தடிமனாக வெட்டி அருகில் வைத்தார். பிறகு சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, கதவில் கை வைத்து, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"அர்விட், சௌனா அடுப்புல இன்னொரு கட்டை போட்டுட்டு வரட்டுமா?"