மடை திறந்தவன்

கார்காலம் ஓசையின்றி வந்து இறங்கியிருந்தது. கவிந்த முகில் பகலின் நிறத்தை உறிஞ்சிக்கொண்டு, பெய்யவும் மாட்டாமல் விலகவும் மாட்டாமல், காரணம் அறியாத துயர்போலக் கனத்து நின்றது. காற்று மூச்சடக்கியிருந்தது. வாய்க்கால் மட்டும் எவரிடமோ முறையிடுவதுபோல் முணுமுணுத்துச் சென்றது.

அப்பருவத்தை அவள் மூக்கால் அறிந்தாள். போன நடவில் கால்விரலிடுக்குகளில் பற்றிய சேற்றுப்புண் இன்னும் சீழ் வடித்துக்கொண்டிருந்தது. கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் தன் உடம்பின் வாடையே அவளுக்குக் குமட்டியது. மீண்டும் நடவுக்கு இறங்கினால் விரல்களை எடுக்க வேண்டிவரும் என்று செவிலி சொல்லிவிட்டாள்.

அவள் கணவனுக்கு இயந்திரத்தின்மேல் பகை ஒன்றுமில்லை. உழவுக்கு டிராக்டர் வந்தபோது முந்திக்கொண்டு அழைத்தவன் அவன். அறுவடை இயந்திரத்தையும் அப்படியே. ஏரும் அரிவாளும் அவன் கையைவிட்டுப் போயின. நடவோ அவளிடமும், கொழுந்தன் மனைவியான ஓரகத்தியிடமும் தங்கிவிட்டது. முளைகட்டிய நெல்லைச் சேற்றில் வரிசையாக உதிர்க்கும் உருளைக் கருவி கூட்டுறவுச் சங்கத்தில் இரவலுக்குக் கிடைக்கிறது, இனி நாற்றும் வேண்டாம் நடவும் வேண்டாம் என்று அவள் சொன்னபோதுதான் அவனுக்கு முன்னோர் வழியில் பற்றுப் பிறந்தது. அந்தக் கருவியை இழுக்க வேண்டியவன் அவன்.

புண்ணைக் காட்டிய பின்னர், கசப்பு மருந்து குடித்த முகத்தோடு ஒரு முற்பகல் இழுத்தான். முளை வேரூன்றும்வரை வயலில் நீர் நிற்கலாகாது, ஈரம் போதும் என்று சங்கத்து அலுவலர் மும்முறை சொன்னார். மும்முறையும் தலையாட்டினான்.

ஆயினும் நெல்வயல் என்றால் நீர் ததும்ப வேண்டும் என்பது அவன் கண்ணில் ஊறிய பழக்கம். தேநீர்க் கடையில் எவனோ, "வயல் வச்சிருக்கியா, வாலிபால் மைதானம் போட்டிருக்கியா?" என்று கேட்டுவிட்டான். அன்று மாலையே மடையைத் திறந்துவிட்டு, மானம் காத்தவன்போல் வீடு திரும்பினான். அவளிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

நான்காம் நாள் வயல் நாறியது. மடை திறந்து கிடந்ததைச் சொல்லி, ஓரகத்தி ஒரு பிடி அள்ளிவந்து காட்டினாள்: கூழாய்க் குழைந்த நெல், மேலே வெண்ணுரை, உள்ளே நெளியும் புழு. அவன் உண்டுகொண்டே பார்த்தான். கருவி உதவாது என்று தனக்கு முன்பே தெரியும் என்றான். நாற்று விலைக்கு வாங்கித் தருவதாகவும், நாளை மறுநாள் இருவரும் நடவுக்கு இறங்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டு, விரலைச் சப்பினான்.

அந்த விரலைக் கண்டதும் அவளுக்கு அருவருப்பு மூண்டது. புண்ணும் புழுவும் அதன்முன் ஒன்றுமில்லை.

"மடையத் தொறந்தது கருவியா, நீங்களா?"

அவன் தட்டைப் பார்த்தான்.

"என் காலு அழுகினா கடையில யாரும் சிரிக்க மாட்டாங்க. வயல்ல தண்ணி இல்லன்னாதான் சிரிப்பாங்க. அப்படித்தானே?"

"இப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. அது போதும்."

மிஞ்சிய விதைநெல்லை அவளே ஊறவைத்து முளைகட்டினாள். ஓரகத்தி நீரை வடித்து, அழுகலை வாரி, சேற்றை மட்டம் செய்து முடித்தபின் கருவியின் கைப்பிடியைப் பற்றினாள். பத்தடி இழுத்ததும் நின்றுவிட்டாள்.

"இவ்வளவுதான் கனமா? இதுக்கா அக்கா அந்த மனுஷன் மூணு நாளு முதுகுல தைலம் தேய்க்கச் சொன்னாரு?"

பல நாள்களுக்குப் பின் அவள் சிரித்தாள்.

அடைத்த மடையருகே வரப்பில் அமர்ந்து காவல் காத்தாள். அவன் இருமுறை மண்வெட்டியோடு வந்தான். அவள் முகத்தைக் கண்டு திரும்பிப் போனான். போகும்போது காறி உமிழ்ந்தான். அவள் மன்னிக்கவில்லை.

ஆறாம் நாள் காலை, சேற்றைக் கீறிக்கொண்டு பசுமை வரிசை வரிசையாக எழுந்திருந்தது. அவள் கண்மூடிக் கைகுவித்தாள். தனக்குத் தெரிந்த ஒரே பதிகத்தை உதடு மட்டும் அசைய இறுதிவரை சொல்லிமுடித்தாள். பிறகு, பக்கத்தில் வந்து நின்ற ஓரகத்தியின் தலைமேல் கைவைத்தாள்.

"நல்லா இருடி. உன் வயிறு குளிரணும்."