ஓரம் மஞ்சள், நடு கருப்பு

கிட்டார் செய்யும் பட்டறையில் வர்ணம் அடிக்கிறவள் நான். நடுவில் வெளிறி, ஓரத்துக்குப் போகப் போகக் கருத்து இறங்குகிற பூச்சுக்கு பர்ஸ்ட் என்று பெயர். பதினாறு வருடமாக அதைத்தான் அடிக்கிறேன். எத்தனையோ கிறுக்கர்களைப் பார்த்தாயிற்று. ஆனால் இந்த பேஸ் கிட்டார்காரர் மாதிரி ஒருத்தர் என் உயிரை வாங்கியதில்லை.

ஆர்டர் கொடுத்துச் செய்யச் சொன்ன கிட்டார். மரம் இழைத்துத் தேய்த்து மூன்று வாரமாகச் சும்மா தொங்குகிறது. மனுஷர் ஏழாவது தடவையாக வந்து மாதிரிப் பலகைகளை ஜன்னலுக்கும் டியூப்லைட்டுக்கும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு நடக்கிறார். படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் வேறு போடுகிறார். மாமியார் ஊதா என்றாராம். மாமனார் அழுக்கு தெரியாத கலராகப் பார்க்கச் சொன்னாராம்.

"இந்தத் தேன் கலர் நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா கொஞ்சம் சோகமா இருக்கு."

"தேனுக்கு யாரு செத்துப்போனா?" என்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இங்க பாருங்க தம்பி. அடுத்த மாசம் கச்சேரி. அடிச்சு, காயவெச்சு, பாலிஷ் போடவே எனக்கு நாள் பத்தாது. இன்னிக்கு சொல்லலைன்னா வெறும் மரத்தத் தூக்கிட்டுத்தான் போகணும்."

அவர் போனை நீட்டினார். அவருடைய குழுவின் படம். பாடகர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முக்கால் மேடையை அடைத்து நின்றார். பின்னால் டிரம்ஸ், அதற்குப் பக்கத்தில் ஆளுயர ஸ்பீக்கர்.

"இதுல நான் எங்க இருக்கேன், சொல்லுங்க."

தேடினேன். "இந்த முழங்கையா?"

"அதேதான். முழங்கையும் கிட்டாரோட ஓரமும். ஓரம் கருப்பு, பின்னாடி திரையும் கருப்பு. பதினோரு வருஷமா இதே இடம். என் வைஃப் ஒரு கச்சேரி விடாம வர்றா. வீட்டுக்கு வந்ததும், 'இன்னிக்கு நீ எங்க நின்னே'ன்னு கேக்கறா. ஒரே ஒரு தடவ அவ என்னைப் பாத்தா போதும்க்கா."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஐயோ பாவம் என்றிருந்தது.

"சரி, வெளியில தெரியறது ஓரம் மட்டும்தானே? வெளிச்சத்த அங்க வெச்சிடறேன். நடுவுல கருப்பு, ஓரத்துல எலுமிச்சை மஞ்சள்."

எங்கள் தொழிலில் இது சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொள்வது மாதிரி. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "யார் கேட்டாலும் நம்ம பட்டறை பேரச் சொல்லிடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். போகட்டும். கருப்பை நடுவில் புகை மாதிரி ஊதி, ஓரத்து மஞ்சளில் ஒரு பொட்டுத் தூசி விழாமல் பார்த்துப் பார்த்து அடித்தேன். வாங்க வந்தவர் முதல் தடவையாக ஒரு குறையும் சொல்லவில்லை. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

கச்சேரிக்கு எனக்கும் ஒரு சீட்டு கொடுத்திருந்தார். அவர் மனைவிக்குப் பக்கத்து நாற்காலி. பாடகர் வழக்கம்போல் கையை விரித்தார். விளக்கு முழுக்க அவர் மேல்தான். ஆனால் டிரம்ஸுக்குப் பின்னால், இருட்டில், மஞ்சளாக ஒரு வளைவு ஆடியது. மேலே போயிற்று, கீழே வந்தது. பாடகரை விட்டுவிட்டு அரங்கமே அதைப் பார்த்தது.

அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அந்தக் கிட்டார் எவ்வளவு அழகா இருக்கு!" அதற்கப்புறம் கண்ணை எடுக்கவே இல்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

கச்சேரி முடிந்ததும் கிட்டார்காரர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன்! ரெண்டு மணி நேரமும் அதையேதான் பாத்துட்டு இருந்தேன்!"

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பதினோரு வருட ஏக்கம் ஒரே நிமிஷத்தில் தீர்ந்துபோன முகம்.

"ஆனா ஒண்ணு கேக்கறேன்," என்றாள் அவள். "இவ்வளவு ஆசையா செஞ்சு வாங்கிட்டு, அத யார் கையில குடுத்துட்டு நீ எங்க போனே?"

அவர் குனிந்து தன் சட்டையையும் கையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, அந்த மஞ்சள் மிச்சம் இருக்கா?"