கெட்டி மேளத்துக்கு அடியில்

கெட்டி மேளம் ஓய்வதற்குள் சின்னுசாமி மணமேடையிலிருந்து குதித்தார்.

அட்சதை போட்டுக்கொண்டிருந்தவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வாசலை நோக்கிப் பாய்ந்தார். மகள் கழுத்தில் தாலி ஏறிய மறு நொடி பெற்றவர் இப்படி ஓடுவதைப் பார்த்து, ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள்.

அவர் பார்த்தது பூச்சி இல்லை. ஓர் ஆள். வாசலில் வாழை மரத்துக்குப் பக்கத்தில், கட்டம் போட்ட சட்டையோடு நின்றான். வாயை அகலத் திறந்து கத்தினான். மேடையைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டிக் கத்தினான். ஆனால் ஓர் எழுத்துகூட யார் காதிலும் விழவில்லை. பந்தலே இடிந்து விழுவதுபோலத் தவில் முழங்கிக்கொண்டிருந்தது.

வாசலுக்கு வந்தபோது அங்கே சந்தனத் தட்டும் பன்னீர்ச் செம்பும்தான் இருந்தன. ஆளைக் காணவில்லை.

சின்னுசாமி வாழை மரத்துக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார். யார் அனுப்பிய ஆள் என்பது தனக்குத் தெரியும் என்றே நினைத்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எழுபத்தொன்பதில், மகள் வசந்தாமணியைக் கரூர்ப் பக்கம் ஒரு வீட்டில் பேசி நிச்சயம் செய்தார்கள். நிச்சயம் முடிந்த அன்று சாயங்காலமே மாப்பிள்ளையின் அப்பா செத்துப்போனார். அவ்வளவுதான். "ராசி கெட்ட புள்ளை" என்ற பேச்சு காவேரியின் இரண்டு கரையிலும் பரவியது. வெற்றிலைத் தோட்டம் இருக்கிறது, பரமத்தி வேலூரில் பெரிய மைக் செட் இருக்கிறது, பெண்ணும் மூக்கும் முழியுமாக இருக்கிறாள். ஒருத்தரும் படியேறவில்லை.

சூரமங்கலத்தில் ரயில்வேயில் இருக்கும் சின்னுசாமியின் அண்ணன் தங்கசாமிதான் அலைந்து திரிந்து இந்த நாமக்கல் வரனைப் பிடித்தார். மாப்பிள்ளையின் அம்மா சென்னியம்மாள் சம்மதித்ததும் ஒரு நிபந்தனையோடுதான்.

"பழசெல்லாம் எனக்குத் தெரியுமுங்க. பரவால்ல. ஆனா கல்யாணத்தன்னைக்கு ஒரு கெட்ட சொல்லு எங்காதுல உழுந்துச்சு, தாலி கட்டியிருந்தாலும் சரி, பொண்ண இங்கயே உட்டுட்டுக் கெளம்பிருவேன்."

சொன்னால் செய்கிற பொம்பளை. பன்னிரண்டு மணியோடு நல்ல நேரம் முடிகிறது, அதற்கு முன்னால் வசந்தாமணி நல்லபடியாகக் கார் ஏற வேண்டும். அதுவரை ஒரு கெட்ட சொல் இந்தப் பந்தலுக்குள் வரக் கூடாது. வந்தால் அவள் வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

அப்பனைப் பறிகொடுத்த கரூர்க்காரன்தான் பழையதைக் கத்துவதற்கு ஆள் அனுப்பியிருக்கிறான். என்ன கத்தினான்? யார் கேட்டார்கள்?

சின்னுசாமி திரும்பினார். மேளக்காரர்கள் உட்கார்ந்திருந்த இடம் கண்ணில் பட்டது. பயம் அப்படியே கோபமாக மாறியது.

கெட்டி மேளத்துக்கு ஒரு முறை இருக்கிறது. ஐயர் விரலைத் தூக்குவார், யாராவது ஒருத்தர் "கெட்டி மேளம்" என்று குரல் கொடுப்பார், அதற்குப் பிறகுதான் தவில்காரன் கை வைக்க வேண்டும். இன்றைக்கு ஐயர் மந்திரத்தையே முடிக்கவில்லை. இந்தக் காளியப்பன் தன்பாட்டுக்கு அடித்து நொறுக்க ஆரம்பித்தான். மேளம் முழங்கிய பிறகு தாலியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்க முடியுமா? ஐயர் பதறிப்போய்த் தாலியை மாப்பிள்ளை கையில் திணித்தார். அவனும் பதறிக்கொண்டே கட்டினான். முகூர்த்தம் பத்தரை வரைக்கும் இருந்தது. கடிகாரத்தில் மணி ஒன்பது இருபது.

"என்றா காளியா, எம்பட புள்ளைக்கு நேரங்குறிக்கறதுக்கு நீ யார்றா?"

தவில் வாரைப் பிடித்து இழுத்த இழுப்பில் காளியப்பன் எழுந்து நின்றுவிட்டான். ஐம்பது வயது ஆள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நாதஸ்வரக்கார மாதையன் சீவாளியை வாயிலிருந்து எடுக்காமல் முழித்தான்.

"கை தவறிருச்சுங்க சாமி."

"கை தவறுமா? குடிச்சிருக்கியா? ஊதுறா பாக்கலாம்."

"இல்லீங்க."

"வாசல்ல ஒருத்தன் கத்துனானே, என்ன கத்துனான்? நீதானே வாசலப் பாத்து உக்காந்திருந்தே?"

காளியப்பன் தரையைப் பார்த்தான். "தவில் வாசிக்கறவனுக்கு என்னத்தக் கேக்குமுங்க?"

"அவன் எங்க?"

"எங்க தாளக்காரன் ஆத்தங்கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கானுங்க. தாகமா இருக்குன்னான்."

"வந்தவனுக்குத் தண்ணி காட்ட நீ யாரு? கூட்டுக்களவாணியா? கரூர்க்காரன் உனக்கும் ஏதாச்சும் குடுத்தானா?"

மாதையனுக்குப் பொறுக்கவில்லை. "இத பாருங்க, மரியாதையாப் பேசுங்க" என்று எழுந்தான். காளியப்பன் அவன் தோளை அமுக்கி உட்கார வைத்தான். சின்னுசாமி தவில் கழியைப் பிடுங்கினார். முழங்காலில் வைத்து முறித்து இரண்டு துண்டாக அவன் மடியில் வீசினார்.

"பொண்ணு கார் ஏறட்டும். அப்புறம் உங்க ரெண்டு பேத்துத் தோலையும் உரிச்சு அந்தத் தவில்ல கட்டறேன்."

காளியப்பன் அந்தத் துண்டுகளை ஓரமாக வைத்தான். பையிலிருந்து வேறு கழியை எடுத்துத் துடைத்தான்.

மேளக்காரர்கள் என்றாலே சின்னுசாமிக்கு ஆகாது. பதினெட்டு வருஷமாக மைக் செட் நடத்துகிறார். முகூர்த்தத்துக்கு அருமையான நாதஸ்வர இசைத்தட்டு வைத்திருக்கிறார். ஊசியை வைத்தால் போதும், நாலு ஊருக்குக் கேட்கும். அதை விட்டுவிட்டு, வேர்த்து வழிகிற ஆட்களைக் கூட்டி வந்து காட்டுக் கத்தல் கத்த விடுவானேன்? மாரியம்மன் நோம்பியில் ஒரு தடவை குழாய் ஸ்பீக்கரை இதே காளியப்பன் முகத்துக்கு நேராகத் திருப்பிவைத்து, ஒரு மணி நேரம் அவன் வாசித்தது அவனுக்கே கேட்காமல் அடித்தார். ஊரே சிரித்தது. அதைப் பெருமையாக இன்றைக்கும் சொல்லிக்கொள்வார்.

மகள் கல்யாணத்துக்கும் இசைத்தட்டுதான் என்றார். அண்ணன் தங்கசாமி ஒத்துக்கொள்ளவில்லை. "உன் ரெக்கார்டு கண்ணத் தொறந்து பாக்குமாடா? தாலி கட்டறப்ப எதிர்ல ஆளு உக்காந்திருக்கோணும். காளியப்பன் மேளம் வல்லீனா நானும் வல்லை" என்று போன வாரம் சண்டை போட்டுக்கொண்டு போனார். கடைசியில் மேளம் வந்தது. அண்ணனைத்தான் இன்னும் காணோம். இன்னும் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் போல என்று அந்தக் கோபமும் சேர்ந்து கொதித்தது.

ஆற்றங்கரைக்குப் போய் அந்த ஆளைப் பிடித்தால் அங்கேயே கத்திக் கூட்டம் சேர்த்துவிடுவான் என்று தயங்கிய சின்னுசாமிக்குத் திடீரென்று பொறி தட்டியது.

டேப்!

கல்யாணம் முழுவதையும் பதிவு செய்ய மேடைக்கு மேலே மைக்கைத் தொங்கவிட்டிருந்தார். பந்தலுக்கு ஒட்டின சாமான் அறையில் டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்தது. மனுஷன் காது ஏமாறலாம், மைக் ஏமாறாது.

அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். குழாய்க்குப் போகும் வயரைப் பிடுங்கினார். கேசட்டைப் பின்னால் ஓட்டி, சத்தத்தைக் குறைத்து, சின்ன ஸ்பீக்கரில் காதை ஒட்டினார்.

முதல் தடவை வெறும் இரைச்சல். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை, தவிலுக்கு அடியில், மண்ணுக்குள் புதைந்த பாத்திரம்போல ஒரு மனுஷக் குரல் தட்டுப்பட்டது. ஆள் கத்துகிறான். என்ன என்று பிடிபடவில்லை.

மறுபடி ஓட்டினார். மறுபடி. அந்தத் தவிலைத் திட்டிக்கொண்டே, அதைக் காதிலிருந்து விலக்கிவிட்டு அந்தக் குரலைப் பிடிக்கப் பார்த்தார். விலக்க முடியவில்லை. குரல் எங்கே எழும்புகிறதோ சரியாக அங்கே தவிலில் விரலால் அடிக்கிற பக்கம் வெடித்தது. குரல் தாழ்ந்தால் கழியால் அடிக்கிற பக்கம் உருண்டு வந்து மூடியது. அவன் மூச்சு விட நிறுத்துகிற இடத்தில் தவிலும் இளைத்தது. அடுத்த எழுத்து அவன் வாயிலிருந்து வருவதற்குள் மறுபடி வந்து விழுந்தது.

சின்னுசாமி காதை எடுத்தார். மறுபடி வைத்தார்.

தற்செயல் இல்லை இது. ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக் கேட்டு அடித்திருக்கிறான். அப்படியானால் தாளம் எங்கேயாவது சிதறியிருக்க வேண்டுமே? தொடையில் தட்டி எண்ணிப் பார்த்தார். ஓர் அரை மாத்திரை பிசகவில்லை. கெட்டி மேளம் கெட்டி மேளமாகவே இருந்தது. அதற்குள்ளேயே ஒருத்தன் வாயைப் பொத்தியிருந்தான்.

அவரும் சத்தத்தை வைத்துத்தான் பிழைக்கிறார். ஒரு சத்தத்தை அமுக்க அவருக்குத் தெரிந்தது குமிழைத் திருகுவது ஒன்றுதான். அதைத்தான் பதினெட்டு வருஷமாகச் செய்திருக்கிறார். இவன் இரண்டு கையை வைத்துக்கொண்டு அடுத்தவன் தொண்டையையே திருகியிருக்கிறான்.

"பாவி" என்றார் வாய்விட்டு. "என்னமா வாசிக்கிறான், பாவி!"

அதற்குப் பிறகு கரூர்க்காரன் மறந்துபோனான். இன்னும் இரண்டு தடவை அந்தத் தவிலுக்காகவே ஓட்டிக் கேட்டார். கேட்கக் கேட்க உடம்பு சிலிர்த்தது, தன்மேலேயே எரிச்சலும் வந்தது. இந்தக் கையையா குழாய் வைத்து அடைத்தோம்? நோம்பியில் அன்றைக்குச் சிரித்த ஊர் முழுக்கச் செவிடு, தான்தான் முதல் செவிடு என்று பல்லைக் கடித்தார்.

கடைசித் தடவை ஒன்று சிக்கியது. மாதையன் நாதஸ்வரத்தில் மூச்சு வாங்கிய ஒரே ஓர் இடத்தில், தவில் வந்து மூடுவதற்குள், ஒரு சொல்லின் வால் நழுவி வெளியே வந்திருந்தது.

"...சாமி..."

தன் பெயர்தான். ஆள் தன்னைத்தான் கூப்பிட்டிருக்கிறான். பெயரைச் சொன்னவன் அதற்கு மேல் என்ன சொன்னான்? அதைத் தவில் விடவில்லை.

சின்னுசாமி கதவைத் திறந்துகொண்டு மேளக்காரர்களிடம் விரைந்தார். போனவர் பாதியில் நின்றார். அவருக்கு முன்னால் சென்னியம்மாள் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏனப்பா மேளம், அதென்ன அத்தன அவசரம்? வாசல்ல யாரோ கத்துனாப்ல இருந்துச்சே?"

காளியப்பன் பல்லைக் காட்டிச் சிரித்தான்.

"பசிங்க ஆத்தா. காத்தால இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. தாலி கட்டுனாத்தானுங்களே பந்தி போடுவாங்க? அதான் முந்திக்கிட்டேன். கத்துனவன் எலக்கட்டுக்காரனுங்க, எல பத்தலையாம்."

"அட வயித்துமாரி! சோத்துக்காகவா எம்பட பையன் தாலிய அவசரப்படுத்துனே? சம்பந்தி, இந்தாளுக்குக் கடசிப் பந்தியில போடுங்க, அப்பத்தான் புத்தி வரும்."

"போடுங்க ஆத்தா, எப்பப் போட்டாலும் திங்கறேன்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சென்னியம்மாளும் சிரித்துவிட்டு நகர்ந்தாள். சின்னுசாமி மட்டும் சிரிக்கவில்லை. இந்த ஆளைக் குடிகாரன் என்றோம், களவாணி என்றோம், கழியை முறித்தோம். இவனோ இப்போது தன்னையே தீனிப்பண்டாரமாக்கி அந்தப் பேச்சையும் மூடிவிட்டான்.

குரலைத் தாழ்த்தினார். "காளியப்பா, டேப்புல கேட்டேன். நீ என்ன பண்ணுனேன்னு தெரிஞ்சுபோச்சு. அவன் என்ன சொன்னான்?"

காளியப்பன் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "கேக்காதீங்க."

"சொல்லுடா."

"சொல்ல மாட்டேனுங்க. இன்னொரு கழியையும் முறிச்சுக்குங்க. உங்களுக்காகன்னு நெனச்சுக்காதீங்க. நோம்பியில நீங்க எம்மூஞ்சிக்குக் கொழாயத் திருப்புனத நாஞ் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். அந்தப் புள்ளைக்காக. அது கார் ஏறட்டும், நானே சொல்றேன்."

இத்தனை வெறுப்பு அந்தக் கண்ணில் இருந்ததை இத்தனை வருஷமாக அவர் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அறைக்குப் போனார். மேடைக்கு மேலே தொங்கிய மைக்கை அவிழ்த்து வந்தார். காளியப்பனுக்கு முன்னால் ஒரு முழ உயரத்தில் நிறுத்தினார். குழாய்களை நாலு திசைக்கும் திருப்பினார். பதினெட்டு வருஷத்தில் அவர் மேளக்காரனுக்கு வைத்த முதல் மைக் அது.

"பொண்ணு கெளம்பற வரைக்கும் வாசி" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

காளியப்பன் வாசித்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து நின்றார்கள். சின்னுசாமியின் மனைவி கண்ணாத்தாள் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். வசந்தாமணி வெற்றிலையும் தேங்காயும் மடியில் கட்டிக்கொண்டு கார் ஏறியபோது மணி பதினொன்று நாற்பது. சென்னியம்மாள் மருமகளின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டதைச் சின்னுசாமி கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

கார் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி மறைந்தது. தவில் நின்றது. காளியப்பன் முதல் காரியமாக மைக்கின் பொத்தானை அணைத்தான்.

"இப்பச் சொல்லு" என்றார் சின்னுசாமி. "கரூர்க்காரன் ஆளுதானே?"

"இல்லீங்க. அவன் வாசலுக்கு வந்தப்ப சந்தனத் தட்ட நீட்டுனாங்க. கையப் பின்னால கட்டிக்கிட்டான். கல்யாண ஊட்டுக்கு வந்து சந்தனந் தொடாதவன் எதுக்கு வந்திருப்பான்? எழவு சொல்ல வந்தவன்தானுங்க தொடமாட்டான். அவன் வாயத் தொறக்கறதுக்குள்ள நான் கை வெச்சுட்டேன். தாளக்காரனுக்குக் கண்ணக் காட்டி அவன ஆத்தங்கரைக்குத் தள்ளிக்கிட்டுப் போக வெச்சேன்."

"எழவா? யாரு?" சின்னுசாமி அவன் தோளைப் பிடித்தார். "எம்பேரச் சொல்லித்தான் கூப்புட்டான். டேப்புல 'சாமி'ன்னு கேட்டுச்சே."

காளியப்பன் தவில் வாசிக்க விரல்களில் மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

"உங்களக் கூப்புடலீங்க. அவன் சின்னுசாமின்னு சொல்லவே இல்ல, தங்கசாமின்னு சொன்னான். காத்தால இந்தக் கல்யாணத்துக்குப் பொறப்பட்டு, சூரமங்கலத்துல பஸ்ஸுப் படியில கால் வெச்ச எடத்துலயே உங்க அண்ணன் செத்துப் போயிட்டாருங்க."