செடிக்கு எட்டும் அளவு

1

இந்தக் கதை ஒரு கிண்ணம் தயிரிலிருந்து வந்தது. சாக்கடைக் கசடு கலந்த மண்ணைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

'சென்னையின் கசடு காய்ந்தால் காப்பித் தூள் போல இருக்கும்.' பொய் அல்ல. ஆனால் இதில் யாரும் இல்லை.

'மதுமதி இறந்து எட்டு மாதம் ஆன ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் மொட்டை மாடியில்'

இதை முடிக்க முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

மூன்றாவது: நான் அடையாற்றில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் மண் பரிசோதிப்பவன். மதுமதி என் மனைவி. சைதாப்பேட்டையில் நாங்கள் இருக்கும் வீட்டின் மொட்டை மாடியில் ஆறு பைகளில் அரைக்கீரை விதைத்தாள். உரம் கொண்டுவந்தது நான்.

இதையே வைத்துக்கொள்கிறேன். ('நாங்கள் இருக்கும்' என்பதை மாற்ற வேண்டும். பிறகு.)

2

கழிவுநீரைச் சுத்திகரித்தபின் அடியில் தங்குவது கசடு. காயவைத்தால் நல்ல எரு. ஆனால் முலாம் பூசும் பட்டறைகளின் தண்ணீரும் அதே குழாயில் கலந்தால் காட்மியம், நிக்கல், ஈயம் எல்லாம் அதில் சேரும். பரிசோதனைக்கு வந்த ஒரு மூட்டையில் மிஞ்சியதை வீட்டுக்கு எடுத்துவந்தேன். அதன் அறிக்கையில் இரண்டு எண்கள் இருந்தன. மொத்தம் எவ்வளவு உலோகம் என்பது ஒன்று. அதில் செடி உறிஞ்சக்கூடியது எவ்வளவு என்பது இன்னொன்று. முதல் எண் பெரியது. இரண்டாவது மிகச் சிறியது.

மதுமதியிடம் சொன்னேன். "உலோகம் இருக்கு. ஆனா செடிக்கு வராது."

"இருக்கும், ஆனா வராதா? நம்ம தெரு மெட்ரோ வாட்டர் மாதிரியா?"

சிரித்தோம். (அவள் சிரித்தாள். நான் இரண்டாவது எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தேன்.)

வராமல் இருக்க ஒரு நிபந்தனை உண்டு. மண் புளிக்கக் கூடாது. புளித்தால், பிடித்துவைத்த உலோகத்தை மண் விடத் தொடங்கும். இது எனக்குத் தெரியும். இந்தக் கதையில் வேறு யாருக்கும் தெரியாது.

3

இங்கே ஒரு வசதியான கதை கிடைக்கிறது. கணவன் கொண்டுவந்த விஷம், மனைவி தின்ற கீரை. இரண்டு நாள் அப்படித்தான் எழுதினேன். குற்றவாளி கிடைத்ததும் வாக்கியங்கள் வேகமாக வந்தன. பிறகு அடித்துவிட்டேன். அவள் இறந்தது டெங்குவில். ஆறு நாள். கீரை முதல் அறுப்புக்குக்கூட வளர்ந்திருக்கவில்லை.

[இங்கே மருத்துவமனை பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன்.]

அப்படியானால் அவள் சாவு இந்தக் கதையில் எதற்கு? தயிருக்காக.

எட்டு மாதமாக நான் இரண்டு பேருக்கு உறை ஊற்றுகிறேன். அதே பாத்திரம், அதே அளவு பால். கை அப்படித்தான் போகிறது. பாதி மிஞ்சும், மறுநாள் புளிக்கும். கொட்ட மனம் வராது. தண்ணீர் கலந்து கீரைக்கு ஊற்றுவேன். கீரைக்குப் புளித்த மோர் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். கீரையும் தழைத்தது. வெட்ட வெட்ட வந்தது. அவள் விதைத்தது.

புளித்த மோர் மண்ணையும் புளிக்கவைக்கும் என்பது மண் பரிசோதிக்கிறவனுக்கு எட்டு மாதமாக உறைக்கவில்லையா? இப்படி ஒருவனை வாசகர் நம்பமாட்டார். எனக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் அவனை மாற்ற வழியில்லை.

4

நான் கீரை சமைப்பதில்லை. அது கீழ்வீட்டுக்குப் போகிறது. அங்கே உம்மே ஹானி, தையல் வேலை செய்கிறவர். மகள் தூபாவுக்கு இரண்டு வயது. வாரம் மூன்று நாள் கீரையைச் சோற்றில் பிசைந்து அவளுக்கு ஊட்டுகிறார்.

போன வாரம் ஒரு கைப்பிடி மண்ணை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். புளிப்பு பார்ப்பது அரை மணி நேர வேலை. எண் குறைந்தால் புளிப்பு கூடியிருக்கிறது என்று பொருள். விதைத்தபோது பார்த்ததில் ஏழு புள்ளி ஒன்று. இப்போது ஐந்து புள்ளி ஆறு.

செடிக்கு இப்போது எவ்வளவு காட்மியம் எட்டுகிறது என்பது அடுத்த சோதனை. அதைச் செய்யவில்லை. மண்ணை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு இந்தக் கதையைத் தொடங்கினேன். எண் மோசமாக வந்தால் பைகளைக் காலி செய்ய வேண்டும்.

முடிவுகளும் யோசித்தேன். அவன் சொல்லிவிடுகிறான், கீரையைப் பிடுங்குகிறான். அல்லது யாருக்கும் தெரியாமல் சுண்ணாம்பு கலக்கிறான், புளிப்பு குறைகிறது, கீரை நிற்கிறது. இதுதான் எனக்குப் பிடித்திருந்தது. அல்லது முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது. இந்த மாதிரிக் கதைக்கு அது பொருத்தம்தான்.

ஆனால் நீங்கள் முடிவு செய்யும்வரை தூபா என்ன சாப்பிடுவாள்?

5

இன்று காலை உம்மே ஹானி மாடிக்கு வந்தார். இடுப்பில் தூபா, கையில் கத்தியும் கூடையும். நான் நோட்டுடன் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாண்ணா, லீவு நாள்லயும் ஆபீஸ் வேலையா?"

"கதை எழுதுறேன்."

"அய்ய! அதுல நா வரேனா?"

"வரீங்க. கீரை பறிக்காதீங்க."

"ஏன், பூச்சி மருந்து அடிச்சிட்டீங்களா?"

"தயிர்."

"தயிரா?" சிரித்தார். "தயிர் இன்னாண்ணா பண்ணும்?"

சொன்னேன். கசடு, உலோகம், இரண்டு பேருக்கு உறை ஊற்றி மிஞ்சுகிற தயிர், புளிப்பு. மேலே எழுதியதைவிட மோசமாகச் சொன்னேன். அதற்குள் தூபா எட்டி ஒரு இலையைக் கிள்ளியிருந்தாள். ஹானி அதைப் பிடுங்கி எறிந்தார். குழந்தையின் வாய்க்குள் விரல் விட்டுத் துழாவினார். அவள் வீறிட்டாள்.

"எத்தினி நாளா தெரியும்?"

"புளிச்சிருக்குன்னு ஒரு வாரமா."

"செவ்வாக்கெழம நா பறிச்சிக்கினு போறப்போ இங்கதானே நின்னுக்கினு இருந்தீங்க?"

"ஆமா."

"புள்ளைக்கு எதுனா ஆவுமா?"

"தெரியல. டெஸ்ட் பண்ணாத்தான்..."

"டெஸ்ட் பண்ணாம, கத எழுதிக்கினு கீறீங்களா?"

[இந்த வரி என்னுடையது அல்ல. அவர் சொன்னது.]

கத்தியை என் முன்னால் வைத்தார். நான்கு படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார். கோபம் தணிந்திருக்கவில்லை.

"மதுக்கா போட்ட வெத, தெரியும். அதுக்குன்னு? ஒரு ஆளுக்கு எவ்ளோ தயிர் வேணும்னுகூடவாண்ணா தெரியாது?"

6

ஆறு பைகளிலும் வேரோடு பிடுங்கிவிட்டேன். கத்தி தேவைப்படவில்லை. பைகளை மண்ணோடு கட்டி ஓரமாக வைத்திருக்கிறேன்.

நாளை சோதனை செய்வேன். எண் வரும். அதை இங்கே எழுதமாட்டேன். அது முதலில் கீழ்வீட்டுக்குப் போக வேண்டியது. எண் இருக்கும். உங்களுக்கு வராது.

உங்களிடம் விட ஒன்றுதான் இருக்கிறது. பால் காய்ச்சி ஆறவைத்திருக்கிறேன். இரண்டு பேருக்கான அந்தப் பாத்திரத்தை எடுக்கவில்லை. சின்னக் கிண்ணம் ஒன்று எடுத்திருக்கிறேன். கீழே ஒரு வாக்கியம் எழுதினேன், நடுவில் அளவு மட்டும் வரவில்லை. தெரிந்தவர்கள் நிரப்புங்கள்.

ஒருவருக்கு உறை ஊற்ற [        ] டம்ளர் பால் போதும்.