ரெண்டு நிமிஷ வேலை

கணினி பழுதுபார்க்கிறவன் வீட்டில் மனைவிக்கு முதல் சக்களத்தி கணினிதான். இவன் வீட்டுக் கணினியில் ஜன்னல்கள் பறந்து வந்து திறக்கும், சுருண்டுபோய் மூடும், பின்னால் மீன்கள் ஓயாமல் நீந்தும். பார்த்துப் பார்த்து அவன் செய்த ஜோடனை. அதில்தான் அவன் மனைவி மொழிபெயர்ப்பு வேலை செய்தாள். தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்று அவள் சொன்னபோதெல்லாம் சிரித்தான்.

"ஊர்ல எல்லாரும்தான் பாக்குறாங்க, உனக்கு மட்டும் சுத்துதா? வேலை செய்ய உடம்பு வளையல, அதைச் சொல்லு."

ஒருநாள் அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. வீடு வெறிச்சோடிய பிறகுதான் ஐயாவுக்கு உறைத்தது. ஃபோன் செய்தால் அவள் எடுப்பதில்லை. நேரில் பேச ஒரு வாய்ப்புக் கிடைத்தால் போதும், காலில் விழுந்தாவது கூட்டி வந்துவிடலாம் என்று தவித்துக்கொண்டிருந்தான்.

ஓர் அலுவலகத்திலிருந்து புகார் வந்தது. புதிதாகச் சேர்ந்த அம்மாவுக்குத் திரையைப் பார்த்தால் மயக்கம் வருகிறதாம். பையைத் தூக்கிக்கொண்டு போனான். நெற்றியைப் பிடித்தபடி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது அவன் மனைவி.

"இவங்கதான், தம்பி. பாவம், காலையில வாந்தியே எடுத்துட்டாங்க," என்று சொல்லிவிட்டு மேலாளர் நகர்ந்தார்.

அவன் கை தானாகப் பழகிய வேலையைச் செய்தது. கணினியின் அமைப்புகளைத் திறந்து, ஜன்னல் அசைவுகளையெல்லாம் அணைத்தான்.

"இப்பப் பாரு."

அவள் ஒரு ஜன்னலைத் திறந்தாள். பறக்காமல் வந்து நின்றது. மூடி, மறுபடி திறந்தாள்.

"இவ்வளவுதானா?"

வாடிக்கையாளர்கள் கேட்கும்போது பெருமையாகச் சொல்கிற பதில் ஒன்று அவனிடம் உண்டு. பாழாய்ப்போன நாக்கு, அதையே சொல்லிவிட்டது.

"இவ்வளவுதான். ரெண்டு நிமிஷ வேலை."

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"வீட்டுக்கு வந்துடும்மா. அங்கயும் எல்லாத்தையும் நிறுத்திடுறேன். அந்த மீனுங்களைக்கூட."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் சொன்னேன், சிரிச்சீங்க. இவங்க புகார் குடுத்ததும் ஓடி வந்துட்டீங்க. நாளைக்கு வீட்ல எனக்கு நெஞ்சு வலிச்சா, எந்த ஆபீஸை விட்டு உங்களுக்குப் புகார் குடுக்கச் சொல்றதுங்க?"

அவள் திரையின் பக்கம் திரும்பி வேலையை ஆரம்பித்தாள். அவனைப் போகச் சொல்லக்கூட இல்லை.