ஹெட் ஆபீஸுக்காக ஒரு ஜெபம்

என் கணவர் ஜெபராஜ் வலைப்பதிவு எழுதிக்கொண்டிருந்தார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை. தினமும் பாகாயத்திலிருந்து போய்வர வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்ததையெல்லாம் சாயங்காலம் வீட்டுக் கம்ப்யூட்டரில் தட்டிவிடுவார். 2006-இல் பதிவு எழுதுகிறவர்கள் பலருக்கும் ஒரு புனைபெயர் இருந்தது. இவருக்கு ‘ஒன்பதாம் நம்பர்’. அது அவருடைய செருப்பு அளவு.

கம்பெனி விஷயத்தில் இவரைப்போல உஷாரான ஆளைப் பார்க்க முடியாது. கம்பெனி பெயர் வரவே வராது. மேனேஜர் கோதண்டபாணிக்குப் பெரிய மீசை. பதிவில் அந்த மீசையை எடுத்துவிட்டு வழுக்கை வைத்து, கும்பகோணத்துக்காரர் ஆக்கிவிட்டார். சரக்கு வாங்கும் ஜெர்மன் பையர் டென்மார்க் பையர் ஆனார். ஒரு தடவை ரிஜெக்ட் ஆன சரக்கைப் பற்றி வேடிக்கையாக எழுதும்போது கறுப்பு ஷூவைப் பழுப்பாக மாற்றி என்னிடம் காட்டி, “இன்னா ஜெனி, யாராச்சும் கண்டுபிடிப்பாங்களா?” என்று கேட்டார். அவ்வளவு பயம் வேலைமேல்.

வீட்டு விஷயத்துக்கு இந்த உஷார் எதுவும் கிடையாது. பதிவில் என் பெயர் ‘ஹெட் ஆபீஸ்’. ஹெட் ஆபீஸ் வைத்த குழம்பில் உப்பு ஜாஸ்தி, ஹெட் ஆபீஸ் நைட் டியூட்டி முடிந்து வந்து யாரையெல்லாம் திட்டியது, எல்லாம் வரும். கனடாவிலிருந்து ஒருத்தர் “ஹெட் ஆபீஸுக்கு என் வணக்கம்” என்று பின்னூட்டம் போடுவார். நானும் படித்துச் சிரித்திருக்கிறேன், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் எனக்கு நாள் தள்ளிப்போனது.

அதற்கு முந்தின தடவை தள்ளிப்போனபோது சந்தோஷத்தில் எல்லாரிடமும் சொல்லியிருந்தோம். மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. சொன்ன அத்தனை பேரும் விசாரிக்க வந்தார்கள். ஹார்லிக்ஸோடு வந்தார்கள், ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். “இன்னாம்மா ஆச்சு?” என்று ஒவ்வொருத்தரும் ஆரம்பத்திலிருந்து கேட்டார்கள். நானும் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். குழந்தை போனது ஒரு தடவைதான். அதைச் சொல்லிச் சொல்லி நான் எத்தனை தடவை இழந்தேனோ தெரியாது. லாங் பஜாரில் வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான்தான் அவரைத் தேற்றி ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

அதனால் இந்தத் தடவை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று முடிவு செய்தேன். நான் நர்ஸ். என் வார்டில் டெஸ்ட் கொடுத்தால் தோழிகள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று, காட்பாடியில் முன்பின் தெரியாத ஒரு டாக்டரிடம் போய்ப் பார்த்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே ஜெபராஜிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

“இதப் பாருங்க, அஞ்சாம் மாசம் தாண்டற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது. உங்க அம்மாவுக்கும் தெரியக் கூடாது.”

“சேச்சே, நான் போய் சொல்லுவனா?” என்றார். மூன்றாம் நாள் பதிவில் போட்டுவிட்டார். ‘ஹெட் ஆபீஸில் புதுக் கிளை’ என்று அதற்குத் தலைப்பு வேறு. எனக்கு இது தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கும், வாரம் ஒரு வீட்டில். அந்த வாரம் எப்சி ஆன்ட்டி வீடு. ரிட்டயர்டு டீச்சர், தங்கமான மனுஷி. பாட்டும் வசனமும் முடிந்ததும் உட்கார்ந்திருக்கிற வரிசையில் ஆளுக்கு ஒருவராகச் சத்தமாக ஜெபிப்போம். ஒருத்தர் ஜெபிக்கும்போது மற்றவர்கள் கண்ணைத் திறக்கக் கூடாது, குறுக்கே பேசவும் கூடாது. அடுப்பில் பால் பொங்கினாலும் ஆமென் வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும். ஆன்ட்டியின் ஆமென் லேசில் வராது.

மழைக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக, யாருடைய முழங்கால் வலிக்காகவோ ஜெபித்துக்கொண்டே வந்த ஆன்ட்டி குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

“எங்க தெருவுல ஒரு மகளுக்கு, ஆண்டவரே, போன தடவை நடந்தத நீர் அறிவீர். மறுபடியும் கர்ப்பத்தின் கனியைத் தந்திருக்கிறீர், ஸ்தோத்திரம். தினமும் ஆம்பூர் போய்வர்ற அவ புருஷனையும் ஆசீர்வதியும். இந்த நல்ல செய்திய இன்டர்நெட் மூலமா, மஸ்கட்ல இருக்கிற என் மகன் ரிச்சர்டுக்கு வெளிப்படுத்தின கிருபைக்காகவும் ஸ்தோத்திரம்.”

பேர் சொல்லவில்லை. அதுதான் ஆன்ட்டியின் நாசூக்கு. எங்கள் தெருவில் ஆம்பூருக்குப் போய்வருகிற புருஷன் ஒரே ஒருத்தர்தான்.

எனக்கு உச்சந்தலைக்கு ரத்தம் ஏறியது. பக்கத்தில் எங்களோடு இருக்கும் என் மாமியார், டோரதி அத்தை, உட்கார்ந்திருந்தார். அவர் மூச்சு ஒரு கணம் நின்று வந்தது. எதிரே ஜெபராஜ். கண்ணைத் திறந்து ஒரு முறை முறைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ரிச்சர்டுக்கு எப்படித் தெரிந்ததென்று பிறகு கேள்விப்பட்டேன். முன்பு ஒரு பதிவில் இவர், ஜெபம் ஆரம்பித்தால் நிறுத்தாத ஒரு டீச்சரம்மாவைப் பற்றி எழுதியிருந்தாராம். மஸ்கட்டில் அதைப் படித்த பிள்ளை தன் அம்மாவை உடனே அடையாளம் கண்டுகொண்டு, அன்றிலிருந்து ஒன்று விடாமல் படித்துவந்திருக்கிறான். எனக்காக ஜெபம் பண்ணச் சொல்லி நல்லெண்ணத்தில்தான் போன் செய்திருக்கிறான்.

ஆன்ட்டி ஒருவழியாக ஆமென் சொன்னார். அடுத்தது நான். நான் ஜெபிக்கும்போதும் யாரும் குறுக்கே பேச முடியாது என்று அப்போதுதான் உறைத்தது.

“அன்பின் பரம பிதாவே,” என்று ஆரம்பித்தேன். “என் வயித்துல ஒரு புள்ள இருக்கு. அது உமக்கும் எனக்கும் தெரிஞ்சா போதும்னு இருந்தேன். என் புருஷன் மேனேஜர் மீசையக்கூட மறைச்சி எழுதறவரு, ஆண்டவரே. கம்பெனி ரகசியத்துக்குப் பூட்டு, பொண்டாட்டி ரகசியத்துக்கு மைக் செட்டான்னு நீரே அவரக் கேளும்.”

யாரோ இருமினார்கள். நான் விடவில்லை.

“போன தடவ எல்லாரும் அன்பாத்தான் விசாரிச்சாங்க. சொல்லிச் சொல்லி நான் ஓய்ஞ்சி போய்ட்டேன். இந்தத் தடவையும் அப்படி ஏதாச்சும் ஆச்சுன்னா அத எடுத்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல, ஆண்டவரே. எனக்கு ரொம்ப பயமா இருக்கு. அதனால இங்க இருக்கிறவங்க எங்கிட்ட எதுவும் கேக்க வேணாம். சொல்ல வேண்டிய அன்னிக்கு நானே சொல்றேன். அதுவரைக்கும் இவங்களுக்கு இது தெரியாது. ஆமென்.”

ஜெபம் முடிந்தால் எல்லாரும் ஆமென் சொல்லியாக வேண்டும். அத்தைதான் முதலில் “ஆமென்” என்றார். மற்றவர்களும் சொன்னார்கள். கடைசியாக எப்சி ஆன்ட்டியின் குரல் கம்மலாக வந்தது. டீ வந்தபோது எல்லாரும் ஒரே நேரத்தில், சண்டே ஸ்கூல் பிள்ளைகளை அமிர்திக்கு டூர் கூட்டிப்போவதைப் பற்றி மும்முரமாகப் பேசினார்கள்.

வீடு திரும்பும்போது அத்தை முன்னால் நடந்தார். ஜெபராஜ் முகத்தில் ஈயாடவில்லை.

“பேரு போடலயே ஜெனி.”

“ஆன்ட்டியும்தான் பேர் சொல்லல.”

“சந்தோஷம் தாங்கல. யார்கிட்டயாச்சும் சொல்லணும்போல இருந்திச்சு. தெரியாத ஆளுங்கதானேன்னு போட்டுட்டேன்” என்றார். எனக்கு எரிச்சலும் பாவமும் சேர்ந்தே வந்தன. அன்றே அந்தப் பதிவை அழித்தார். வலைப்பதிவையே மூடிவிடுவதாகச் சொன்னார்.

“வேணாம், எழுதுங்க. உங்களப் பத்தி எழுதுங்க.”

“என்னப் பத்தி எழுத இன்னா இருக்கு?”

“குறட்ட இருக்கே” என்றேன். அதையும் எழுதினார். ஏகப்பட்ட பின்னூட்டம்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒருத்தரும் கேட்கவில்லை. மீன் வாசனைக்கு எனக்குக் குமட்டியதும் அத்தை மீன் வாங்குவதையே நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டால், “இப்பல்லாம் மீனு நல்லால்லம்மா” என்றார். கூட்டத்தில் எனக்கு மட்டும் நாற்காலி வந்தது. தரையில் ஈரம் என்றார்கள். ஐந்தாம் மாதம் தாண்டியது. ஸ்கேனில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சேலைக்குள் வயிறு அடங்க மறுத்த பிறகும், தெருவே என் கழுத்துக்குக் கீழே பார்க்காமல் பேசிப் பழகியது.

பிறகொரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கூட்டம். ஆண்டவர் செய்த நன்மைகளை எழுந்து சொல்கிற சாட்சி நேரம் வந்தது. வயிற்றுக்குள் பிள்ளை நன்றாக உதைத்துக்கொண்டிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

“உங்க எல்லாருக்கும் ஒரு விஷயம் சொல்லணும். எங்களுக்குக் குழந்த பொறக்கப் போவுது.”

எப்சி ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “இன்னாம்மா சொல்ற, நெஜமாவா?”

“அப்டியா, எங்களுக்குத் தெரியவே தெரியாதே” என்றார்கள் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். தினமும் என் தட்டில் சோறு போட்டு, மாத்திரையை எடுத்துவைத்துக்கொண்டிருந்த அத்தை, முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புக்கூட இல்லாமல், “எனக்கே இப்பதான் சொல்றா” என்றார்.

சிரிப்பதற்குத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. ஆன்ட்டி வந்து என்னைப் பிடித்துக்கொண்டு எத்தனை மாசம் என்று கேட்டார்.

ஏழு என்றேன்.

“பாத்தா தெரியவே இல்லம்மா” என்றார்.