ஏழாவது பலகை

சலவை ஆலையில் பாய்லர்காரருக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். எழுத்து வாசனை கிடையாது. அதை ஒரு குறையாக அவர் நினைத்ததும் கிடையாது. குழாயைத் தட்டினால் உள்ளே என்ன ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். படித்தவன் தட்டினால் மட்டும் குழாய் வாய் திறந்து பேசிவிடுமா?

அப்படிப்பட்டவர் தலையில் நிர்வாகம் கல்லைப் போட்டது. பாய்லர் அறையில் இருப்பவர் அங்கே தொங்கும் பலகைகளை வாசித்துக்காட்ட வேண்டுமாம். மூன்று மாதத்தில் பரீட்சை. தேறாவிட்டால் அழுக்குத்துணி பிரிக்கும் வேலைக்கு மாற்றிவிடுவார்களாம். அதற்காக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேன்டீனில் எழுத்து வகுப்பு. சொல்லித்தருபவர் இஸ்திரிப் பிரிவுப் பெண்மணி.

"சும்மா சொல்லித் தர்றாங்கன்னா ஏதோ உள்குத்து இருக்கு," என்றார் மனைவியிடம்.

"இருந்துட்டுப் போகட்டும். போய் உக்காருங்க. பெஞ்சு ஒண்ணும் கடிச்சிராது."

உட்கார்ந்தார், கடைசி பெஞ்சில். மனசுக்குள் வேறு கணக்கு ஓடியது. மொத்தம் ஒன்பது பலகை. எந்தக் குழாய் எதுவென்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பரீட்சையன்று பலகையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் குழாயைச் சொன்னால் போச்சு. எழுத்தாவது கழுத்தாவது!

இஸ்திரிப் பெண்மணி விடவில்லை. "அண்ணே, வாய் அசையுது, கண்ணு கூரையில இருக்கே. பல்லிகிட்டயா பாடம் கேக்குறீங்க?"

வகுப்பே சிரித்தது. மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த ரோஷத்திலேயே அகரம் வந்தது, கொம்பு வந்தது, புள்ளியும் வந்தது. பஸ்ஸில் போகும்போது கடைப் பெயர்களை யாருக்கும் தெரியாமல் முணுமுணுத்துக்கொண்டே போனார். தன் அறைப் பலகைகளை மட்டும் ஏறிட்டும் பார்க்கவில்லை; அவைதான் மனப்பாடமாயிற்றே.

பரீட்சை நாளில் பாதுகாப்பு அதிகாரி பட்டியலும் கையுமாக வந்தார். கூடவே இஸ்திரிப் பெண்மணி. ஆறு பலகைகள் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போயின. அதிகாரி ஏழாவதைக் காட்டினார்.

'வெந்நீர்' என்று சொல்லத் திறந்த வாய் அப்படியே நின்றது. குழாய் வெந்நீர்க் குழாய்தான். கை பட்டால் தோல் உரியும். ஆனால் பலகையில் 'பச்சைத்தண்ணீர்' என்றல்லவா இருக்கிறது? பக்கத்திலிருந்த எட்டாவது குழாயைப் பார்த்தார். அங்கே 'வெந்நீர்'.

போன வருஷம் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தபோது பலகைகளைக் கழற்றித் திரும்ப மாட்டியவர் அவர்தான். படித்தவர்கள் இந்த அறைக்குள் வந்ததில்லை. வந்தவர்களுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு வருஷமாக எல்லாரும் பலகையை விட்டு அவரை நம்பியே பிழைத்திருக்கிறார்கள்.

அதிகாரியின் கண் பட்டியலில் இருந்தது. வெந்நீர் என்று சொன்னால் வேலை தப்பும், மானமும் தப்பும். ஆனால் வகுப்பில் இப்போது பதினொரு பேர் படிக்கிறார்கள். நாளைக்கு அவர்களில் ஒருவன் பலகையைப் படித்துவிட்டுக் கையை வைப்பான்.

"பச்சைத்தண்ணீர்," என்றார்.

"தப்பு. பட்டியல்ல வெந்நீர்னு இருக்கு."

"பட்டியலை மடிச்சுப் பையில வைங்க சார். பலகையைப் பாருங்க."

அதிகாரி பார்த்தார். "அட, ஆமா. அப்ப இதுல பச்சைத்தண்ணியா ஓடுது?" என்று குழாயைத் தொடப் போனார்.

பாய்லர்காரர் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "வெந்துரும் சார்! குழாய் சரிதான், பலகைதான் தப்பு. மாத்தி மாட்டினவன் நான்தான். அப்ப எனக்கு ரெண்டும் ஒரே கிறுக்கலாத் தெரிஞ்சுச்சு."

அதிகாரி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு பட்டியலில் ஒரு கோடு இழுத்தார். "தேறிட்டீங்க. முதல்ல இதை மாத்துங்க."

"அண்ணே, இந்தத் தடவை மாட்டுறதுக்கு முன்னாடி ஒருதரம் படிச்சுருங்க," என்றார் இஸ்திரிப் பெண்மணி.

"தெரியும் தெரியும், வாயை மூடு."

படித்தார், மாட்டினார், இறங்கி மறுபடியும் படித்தார். அதற்குள் அதிகாரி வாசல் தாண்டிப் போய்விட்டார்.

"சார், எங்க போறீங்க? ஒன்பதாவது பாக்கி இருக்கே!" என்று துரத்திக்கொண்டு போய்ச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். பலகைக்கு முன்னால் நிறுத்தி, சலவை மிஷின் சத்தத்துக்கும் மேலே கத்தினார்.

"கழிவுநீர்!"